பச்சைத் துணி மூடிய தட்டு

எங்கள் பக்கத்துச் சத்திரசிகிச்சைக் கூடங்களின் வாசலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது கிடையாது. புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்து முடிந்ததும், அதை வளைந்த எஃகுத் தட்டொன்றில் வைத்து, பச்சைத் துணியால் மூடி, வெட்டிய டொக்டரே கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வருவார். நடைபாதையில் நோயாளியின் சொந்தக்காரர்கள் கூடி நிற்பார்கள். துணியை விலக்கி, “இதுதான். முழுசா எடுத்தாச்சு” என்பார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர் மூக்கு முட்டுமளவுக்குக் குனிவார்கள். ஒரு மாமா போனை எடுத்துப் படம் பிடிக்கப் பார்ப்பார், மாமி அவருடைய கையில் ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் கனடாவுக்கும் லண்டனுக்கும் செய்தி போகும்.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நோய் எல்லை மீறிப் பரவியிருந்தால், வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றையும் எடுக்காமல் மூடவேண்டி வரும். அன்றைக்கு டொக்டர் வெறுங்கையோடு வருவார். அவர் வாய் திறக்க முதலே அழுகை தொடங்கிவிடும். ‘திறந்து மூடினது’ என்று அதற்கு ஊரில் பெயர். அந்த இரண்டு சொல்லைச் சொன்னால் பிறகு ஒருவரும் கேள்வி கேட்பதில்லை, பந்தல்காரனுக்குச் சொல்லி வைக்கத்தான் யோசிப்பார்கள்.

கொரோனா வந்தபோது அந்தக் கதவுக்கு வெளியே கயிறு கட்டிவிட்டார்கள். சொந்தக்காரர் எவரும் உள்ளே வரக்கூடாது. தட்டும் வெளியே போகாது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். எனக்கு அப்போது வேறு கவலை இருந்தது.

நான் சத்திரசிகிச்சைப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். இந்தத் தொழிலைப் படிப்படியாகத்தான் பழகவேண்டும். குடலிறக்கம், பித்தப்பை, சின்னக் கட்டிகள் என்று நூறு சின்ன வேலையில் கை பழகிய பிறகுதான் பெரிய வேலை கைக்கு வரும். கொரோனாவோடு சின்ன வேலைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அவசரமும் புற்றுநோயும் மட்டும்தான் நடந்தன. எங்கள் பிரிவின் தலைமை நிபுணரிடம், நாங்கள் எல்லோரும் ‘சேர்’ என்று கூப்பிடுகிறவரிடம், போய் மூக்கால் அழுதேன். “சேர், சின்ன வேலை ஒண்டும் இல்லை. இனி நான் எதிலை பழகிறது?”

சேர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. “பெரிசிலை பழகும்” என்றார்.

அப்படித்தான் நடந்தது. ஒரு நாள் வயிற்றைத் திறக்கும் பகுதியை எனக்குத் தருவார். இன்னொரு நாள் குடலை விடுவிக்கும் பகுதி. இன்னொரு நாள் இரத்தக் குழாய்களைக் கட்டும் பகுதி. ஆள் குறைவு, உள்ளே நிற்கக் கூடியவர்களை மட்டுப்படுத்தியிருந்தார்கள், ஆகவே சேருக்கு எதிரே நான் ஒருத்திதான். வேறு காலமாக இருந்திருந்தால் என் முறைக்கு மூன்று பேர் பின்னால் நின்றிருப்பேன். கொரோனா என்னிடமிருந்து எடுத்ததும் நிறைய, எனக்குக் கொடுத்ததும் நிறைய. இதைச் சொல்லச் சிலர் கூச்சப்படுவார்கள், எனக்குக் கூச்சமில்லை.

சேர் எனக்குத் தராமல் வைத்திருந்த ஒரே பகுதி, வெட்டிய குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பது. அது ஒழுகினால் ஆள் தப்புவது கஷ்டம். அதற்கு வீட்டில் பழகுவோம் என்று நினைத்தேன். ஆட்டுக்குடல் நல்லது, ஆனால் ஊரடங்கில் இறைச்சிக் கடை ஏது? மீன்காரர் மட்டும் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் தெரு ஒழுங்கைக்குள் வந்து போனார். ஆகவே கணவாய் மீன் வாங்கினேன். கணவாயின் உடம்பு ஒரு குழாய். இரண்டை நடுவில் வெட்டி முனைக்கு முனை தைத்தால் குடல் தைப்பதற்கு மிக நெருக்கம்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். எங்கள் வீடு நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சுத்தச் சைவ வீடு. அம்மாவின் குசினிக்குள் முட்டை வந்ததாகச் சரித்திரம் இல்லை. கணவாய்ப் பையோடு என்னைக் கண்டதும் அம்மா வாசல் படலையிலேயே மறித்துவிட்டார்.

“உதென்ன நாத்தம்? உதைக் கொண்டு வளவுக்குள்ளை வராதை!”

“படிப்பம்மா இது.”

“உன்ரை படிப்பைப் படலைக்கு வெளியிலை வைச்சுக்கொள்.”

சண்டை பிடித்துக் கடைசியில் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லில் இடம் கிடைத்தது, வெள்ளிக்கிழமை தவிர. அங்கே குந்தியிருந்து தைப்பேன். தைத்து முடித்ததும் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையால் தண்ணீர் விட்டு, இணைப்பில் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எனக்கு இரண்டு கை போதாது. அம்மா முதல் நாள் தூரத்தில் நின்று திட்டினார். அடுத்த நாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு செம்பால் தண்ணீர் ஊற்றினார். பிறகு எனக்குப் பரிசோதகரே அவர்தான். “ஒழுகுது. அந்தப் பக்கத்தாலை. திருப்பித் தை” என்பார். சேர்கூட அவ்வளவு கண்டிப்பு இல்லை. சேருக்கு ஒரு நாள் இதைச் சொன்னேன். முகக்கவசத்துக்குள் சிரித்தார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு காலையில் என்னைக் கண்டால் குட்மோர்னிங் கிடையாது, “நேற்று ஒழுகினதோ?” என்பார். ஒருநாள் “இல்லை சேர், ஒரு கிழமையா ஒருக்காலும் ஒழுகேல்லை” என்றேன்.

அந்தக் கிழமைதான், மயிலிட்டி என்ற கடற்கரை ஊரிலிருந்து, நாங்கள் மயிலிட்டி அம்மா என்று சொல்லும் ஒருவர் எங்கள் நோயாளர் விடுதிக்கு வந்தார்.

அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தவர். பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. கணவர் மீன்பிடி, சொந்த வள்ளம். போரில் ஊரைவிட்டு எழுந்து, பிள்ளைகள் பிறந்து கலியாணம் முடிக்கும்வரை முகாமிலும் வாடகை வீட்டிலும் கிடந்துவிட்டு, இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடப்பட்டதும் முதல் ஆட்களாகத் திரும்பிப் போனவர்கள். தறப்பாள் கூடாரத்துக்குள் தொடங்கி அந்தக் காணியில் கல்வீடு கட்டி முடித்திருந்தார்கள். வீடு குடிபுகுந்து கொஞ்ச நாளில் வருத்தம் காட்டிவிட்டது. ஸ்கானில் வேறு இடத்துக்குப் பரவியதாகத் தெரியவில்லை. எடுத்தால் சுகம் வரக்கூடிய நோய்.

“இது உம்முடையது. முழுசா” என்றார் சேர். “நான் முன்னாலை நிண்டு பிடிக்கிறன்.”

அன்று பின்னேரம் நானே அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“அம்மா, நாளைக்கு வெட்டப்போறது நான். சேர் எனக்கு முன்னாலை நிப்பார். உங்களுக்குச் சம்மதமோ?”

என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் காலத்தில் எங்களில் என்ன தெரிந்தது, இரண்டு கண் மட்டும்தானே.

“எத்தினை பேருக்கு வெட்டினனீங்கள் பிள்ளை?”

“துண்டு துண்டா நிறையச் செய்திருக்கிறன். முழுசா நானே செய்யிறது இதுதான் முதல்.”

“அப்ப காலமை வடிவாச் சாப்பிட்டிட்டு வாங்கோ. பசியோடை நிண்டா கை நடுங்கும்.”

சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். பாதுகாப்பு அங்கி, அதற்கு மேல் இன்னொரு அங்கி, இரட்டைக் கையுறை, கண்ணாடி. குளிரூட்டியையும் நிறுத்தியிருந்தார்கள். வியர்வை முதுகால் ஓடிக் காலணிக்குள் போனது. சேர் எனக்கு எதிரே நின்று, வயிற்றுச் சுவரை விலக்கிப் பிடிக்கும் கொழுவியைக் கையில் எடுத்தார். அது மிகச் சின்னவர்கள் செய்யும் வேலை. தலைமுறை தலைமுறையாக எங்கள் பிரிவில் எவரும் சேரைக் கொழுவியோடு கண்டதில்லை. அவர் அதைப் பிடித்த விதம், ஒரு துளி அசையாமல், எனக்கு எது தெரிய வேண்டுமோ அது மட்டும் தெரிய, அப்படிப் பிடிக்க என்னால் இன்றைக்கும் முடியாது.

கட்டி இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். அசைந்தது. பின்சுவரில் ஒட்டவில்லை. ஈரல் சுத்தம். எடுக்கக்கூடியதுதான். பிறகு வேலை. குடலை விடுவித்தேன், இரத்தக் குழாய்களை வேரடியில் கட்டினேன், கட்டிக்கு இரண்டு பக்கமும் நல்ல குடலைத் தாராளமாக விட்டு வெட்டினேன். தையலுக்கு வந்தபோது சேர் முதன்முறையாக வாய் திறந்தார். “அவசரப்படாதேயும். கிணத்தடியிலை இருக்கிறீர் எண்டு நினையும்.”

முடித்ததும் அவர் கொழுவியை வைத்துவிட்டு, இணைப்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்துச் சுற்றிவரத் தடவினார். இந்தப் பக்கம் அமுக்கிப் பார்த்தார். அந்தப் பக்கம் அமுக்கிப் பார்த்தார். “செம்போடை அம்மா இல்லை. நான்தான் பாக்கவேணும்” என்று முணுமுணுத்தார். பிறகு, “ம். மூடும்.”

சேரிடமிருந்து ‘ம்’ என்றால் அது பட்டமளிப்பு.

வயிற்றை மூடிவிட்டு, எடுத்ததைத் தட்டில் வைத்து, பச்சைத் துணியால் மூடி, பழக்க தோஷத்தில் கதவுவரை போய்விட்டேன். தோளால் தள்ளினேன். கயிறு. நடைபாதையில் ஈ காக்கை இல்லை. என் வாழ்க்கையின் முதல் தட்டு, காட்ட ஒரு மனிதர் இல்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, தட்டில் இருந்ததை மருந்துநீர்ப் போத்தலில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன்.

பிறகு கணவருக்குப் போன் எடுத்தேன்.

“ஐயா, எல்லாம் நல்லபடி முடிஞ்சுது. முழுசா எடுத்தாச்சு.”

“எடுத்ததைக் காட்டுவியளோ?”

“இப்ப அப்பிடிக் காட்டேலாது ஐயா, கொரோனாவெல்லோ. லாப்புக்கு அனுப்பியாச்சு.”

“ம்” என்றார்.

நான் அன்றைக்கு ஏற்கெனவே ஒரு ‘ம்’ வாங்கியிருந்தேன். இதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டு, நன்றிப் பெருக்கில் மனிதருக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒரு மணித்தியாலம் என் புகழை நானே பாடினேன்.

அடுத்த நாள் காலை விடுதிக்குப் போனால் மயிலிட்டி அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு நல்லது, வயிறு மெத்தென்று இருந்தது. எழும்பி இருங்கோ என்றேன், இல்லை. ஒரு வாய் தண்ணீர், இல்லை. மூச்சை இழுத்து விடுங்கோ, இல்லை. அதற்கு அடுத்த நாளும் அதே கதை. வயிற்றில் வெட்டிய ஆள் இப்படிப் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். அதிலும் அந்தக் காலத்தில், நெஞ்சில் சளி கட்டிய ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதென்றால் நடுக்கம்தான். நோயை எடுத்துவிட்டு ஆளைப் பறிகொடுக்கப் போகிறோமோ என்று மணிக்கொருதரம் கட்டிலடிக்குப் போய் நின்றேன்.

“என்னம்மா செய்யுது? நோகுதோ?”

“எனக்குத் துண்டு வெட்டித் தாங்கோ பிள்ளை. நான் வீட்டை போகவேணும்.” வீட்டுக்கு விடச் சொல்வதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்கள்.

“இப்ப எப்பிடிப் போறது? நாலு நாள் பொறுங்கோவன்.”

“நாலு நாளிலை என்ன நடக்குமோ. மயிலிட்டியிலை என்ரை வீட்டிலை கிடந்து சாகிறன். அதுக்குத்தானே அந்த வீட்டைக் கட்டினது.”

“ஆர் சொன்னது நீங்கள் சாகப்போறியள் எண்டு?”

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “என்ரை தங்கச்சி நேற்றுப் போன் எடுத்தவள்.”

“எடுத்து?”

“எடுத்தவள். அவ்வளவுதான். என்ரை மூத்தவளின்ரை கலியாணத்திலை ஆலாத்தி எடுக்கத் தன்னைக் கூப்பிடேல்லை எண்டு அண்டைக்கு என்னோடை கதைக்கிறதை விட்டவள். செத்த வீடு வந்தது, கோயில் திருவிழா வந்தது, ஒரு சொல் கதைக்கேல்லை. அவள் போன் எடுத்து, அக்கா என்னை மன்னிச்சுக்கொள் எண்டு குழறுறாள். பாரிசிலையிருந்து மகள் அழுறாள். ரொறன்ரோவிலையிருந்து அண்ணை எனக்கு என்ன சாப்பிட ஆசை எண்டு கேக்கிறார். நான் என்ன விசரியே? திறந்து பாத்துப்போட்டு மூடினவைதானே, பிள்ளை? எனக்கு ஒளிக்காதேங்கோ.”

அப்போதுதான் எனக்குக் கயிறும் கதவும் தட்டும் எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. தட்டு வெளியே வரவில்லை. ‘காட்டேலாது’ என்று டொக்டரே சொல்லிவிட்டார். மயிலிட்டி முழுக்க, பாரிஸ் முழுக்க, ரொறன்ரோ முழுக்க அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

“ஐயோ அம்மா, நான்தானே வெட்டினனான்! என்ரை கையாலை எடுத்தனான்!”

“உங்களிலை எனக்குக் கோவம் இல்லை. முதல் தரம் எண்டு சொன்னனீங்கள்தானே. ஏலாமல் போயிருக்கும். பாவம், நீங்கள் என்ன செய்யிறது.”

அவர் என்னில் இரக்கப்பட்டார்! எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கியும் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, “உது வேறை ஆற்றையோ” என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

சேரிடம் ஓடினேன். வந்தார். கட்டிலருகே நின்று, “அம்மா, முழுசா எடுத்தது. நான் கண்ணாலை பாத்தனான். வடிவாச் செய்திருக்கிறா” என்றார். அவருடைய வாயிலிருந்து என்னைப் பற்றி ‘வடிவா’ என்ற சொல் வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் முறை. அந்த அம்மா அவரைக் கும்பிட்டார். அவர் போனதும் என்னிடம், “நல்ல மனுசன். உங்களைக் காப்பாத்தக் கதைக்கிறார்” என்றார்.

வெளியே நடைபாதையில் சேர் நின்றுகொண்டிருந்தார். “என்ன சேர் செய்யிறது?” என்றேன்.

“உம்முடைய நோயாளி” என்றார். “தைச்சது மட்டும் காணாது.”

திரும்பிப் போய்க் கட்டில் விளிம்பில் குந்தினேன். அப்படிக் குந்தக்கூடாது, அப்போது கிட்டவே நிற்கக்கூடாது. “அம்மா, ஐயா ஏன் நான் சொன்னதை நம்பேல்லை?” என்று கேட்டேன். கேட்கத் தெரியாமல் இரண்டு நாளை வீணாக்கியிருந்தேன்.

“அவர் அப்பிடித்தான். இந்தா காணி விடுறம், நாளைக்கு விடுறம் எண்டு எத்தினை பேர் முகாமுக்கு வந்து சொன்னவை. பேப்பரிலையும் போட்டவை. காணிக்குள்ளை கால் வைச்சாப் பிறகுதான் மனுசன் நம்பினது. அவர் கண்ணாலை கண்டு சொன்னால் நானும் நம்புவன்.”

அந்த வாசலில் கயிறு கட்டியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வேறு கதவே இல்லையா? ஆய்வுகூடம் பின்வீதிப் பக்கம் இருக்கிறது. அதற்கு வீதியைப் பார்த்தபடி ஒரு கண்ணாடி யன்னல் உண்டு. அங்கே இருந்த நோயியல் நிபுணர் அம்மா என்னைவிடச் சூடான ஆள். நான் போய் விஷயத்தைச் சொன்னதும், “நான் லாப் நடத்துறனோ, கண்காட்சி நடத்துறனோ?” என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு, “இன்னும் வெட்டேல்லை. நாளைக்குக் காலமை வெட்டப்போறன். அவரை யன்னலடிக்கு வரச் சொல்லும்” என்றார்.

கணவர் ஊரடங்குப் பாஸ் எடுத்துக்கொண்டு மயிலிட்டியிலிருந்து சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சேர்ட், சாரம், முகக்கவசம். முழுகிவிட்டு நெற்றியில் திருநீறு பூசி, செத்த வீட்டுக்குப் போகிறவர்போல் வந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். சத்தம் கேட்காது என்பதால் போனில் கதைத்தோம்.

நிபுணர் போத்தலைத் தூக்கி முதலில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டினார். பிறகு உள்ளே இருந்ததை எடுத்துப் பலகையில் நீட்டி வைத்தார். கணவர் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். கண்ணாடியில் மூச்சு படிந்தது, கையால் துடைத்துவிட்டு மறுபடி நெற்றியை வைத்தார். நிபுணர் குடலை நீளப்பாட்டுக்கு வெட்டி விரித்தார். நடுவில் கட்டி, காய்ந்த பூக்கோவாபோலக் கரடுமுரடாக. இரண்டு பக்கமும் வழுவழுப்பான நல்ல குடல், தாராளமாக.

“உதுதானோ?” போனில் குரல் கரகரத்தது.

“இதுதான் ஐயா. வேறை ஒரு இடத்திலையும் இல்லை. ஈரலைக் கையாலை தடவிப் பாத்தனான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நல்ல இடத்தாலை வெட்டி, பேந்து தைச்சனான். ஒழுகாது. ஒழுகாது எண்டு எனக்குத் தெரியும்.” நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. காதில் போன் இருப்பதையே மறந்துவிட்டேன்.

அவர் நிபுணரைக் கையால் காட்டிக் கேட்டார், “இந்த அம்மா உங்கடை ஆளோ?”

நிபுணர் என் கையிலிருந்த போனைப் பறித்தார். “நான் ஒருத்தரின்ரை ஆளும் இல்லை. பிழையா வெட்டியிருந்தால் முதல்ல நான்தான் எழுதுவன். நல்லா வெட்டியிருக்கிறா. காணுமோ?”

அவ்வளவு பெரிய மனிதர் வீதியோரத்தில் அப்படியே குந்திவிட்டார். கொஞ்ச நேரம் தலை மட்டும்தான் தெரிந்தது. பிறகு எழும்பி, என்னோடு போனை வைத்துவிட்டு, வீடியோவில் மனைவியை எடுத்தார். கண்ணாடியில் போனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அவர் கத்தியது எனக்குக் கண்ணாடிக்குள்ளாலும் கேட்டது.

“இஞ்சை பார்! உன்ரை சனியன் இஞ்சை கிடக்குது! வடிவாப் பார்! முழுசா எடுத்துப்போட்டினம்!”

நான் விடுதிக்கு ஓடிப் போவதற்குள் அந்த அம்மா கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு இருந்தார். தாதி மிசிமார் இருவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். “பிடியுங்கோ பிள்ளை. எழும்பவேணும்.”

பிடித்தேன். முதல் அடியில் முகம் சுளித்தார், இரண்டாவதில் என் தோளை இறுக்கினார், பிறகு விடுதியின் அந்தப் பக்கக் கட்டில்வரை நடந்தார். ஒவ்வொரு கட்டிலாக நின்று, “உந்தச் சின்ன டொக்டர்தான் எனக்கு வெட்டினது. சும்மா சின்ன ஆள் எண்டு நினையாதேங்கோ” என்று அறிவித்தார். நான் தடுக்கவில்லை. ஏன் தடுக்க வேண்டும்? இன்னும் இரண்டு கட்டில் இருந்திருந்தால் அங்கேயும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

இணைப்பு ஒழுகவில்லை. நல்லபடி துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினோம். அதன் பிறகு கொடுத்த மருந்தையும் தாங்கிக்கொண்டார். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் கருவாடு கொண்டுவருவார். சைவ வீடு என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டார். ஒருமுறை தங்கச்சியைப் பற்றி விசாரித்தேன். “நான் சாகேல்லை எண்டு தெரிஞ்சதும் பழையபடி கதைக்கிறதை விட்டிட்டாள்” என்றார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்குச் சிரிக்கத் தழும்பு நோகவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டேன்.

பயிற்சி முடிந்து, வெளியூர் போய், திரும்பி வந்து, இப்போது நானே ஒரு பிரிவை நடத்துகிறேன். கயிறு எடுத்தாயிற்று. தட்டு பழையபடி கதவுக்கு வெளியே போகிறது. எனக்கும் இப்போது பயிற்சியில் இருப்பவர்கள் வருகிறார்கள்.

போன மாசிப் பனியில் மயிலிட்டி அம்மா ஒருவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். கண், மூக்கு, நாடி எல்லாம் அவரேதான், முகத்தில் மட்டும் ஒரு முறைப்பு. தங்கச்சி. இந்த நோய் கூடப்பிறந்தவர்களுக்கும் வரக்கூடும், பார்க்கச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அதற்காக அக்காதான் மானத்தை விட்டு வடமராட்சிக்குப் போய்த் தங்கச்சி வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டிருக்கிறார். பார்த்தோம். இருந்தது. நல்ல காலம், எடுக்கக்கூடிய நேரத்தில் கண்டுபிடித்தோம்.

அன்று நான் கொழுவியைப் பிடித்தேன். வெட்டியது என்னிடம் பயிற்சியிலிருக்கும் டொக்டர்த் தம்பி ஒருவர். முதல் முழு வேலை. தங்கச்சியிடம் முதல் நாளே சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தோம். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. முடிந்ததும் தட்டை அந்தத் தம்பியின் கையில் கொடுத்து, கதவைத் தள்ளிக்கொண்டு இருவரும் வெளியே வந்தோம்.

நடைபாதையில் சனம். முன்வரிசையில் மயிலிட்டி அம்மா, பின்னால் கணவர். கணவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். அவர் மாறப்போவதில்லை. பயிற்சித் தம்பி துணியை விலக்கப் போனார். அந்த அம்மா சட்டென்று பச்சைத் துணியின் மேல் கையை வைத்தார்.

“உவரோ வெட்டினது?”

“ஓம் அம்மா” என்றேன். “முழுசா அவர்தான். இதுதான் அவருக்கு முதல்.”

தம்பியை மேலும் கீழும் பார்த்தார். என்னை அப்படிப் பார்த்த அன்றுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

“நீங்கள் முன்னாலை நிண்டனீங்களோ?”

“நிண்டனான்.”

“அப்ப உதை என்னத்துக்குக் காட்டுறியள்? கொண்டுபோய் லாப்பிலை குடுங்கோ.” துணியை இழுத்து ஒழுங்காக மூடிவிட்டு, பயிற்சித் தம்பியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். “காலமை சாப்பிட்டனீங்களோ, தம்பி?”